ரோட்டில் படுக்காதவர்கள்

கொழும்பில் ஒரு துணிக்கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். காலையில் கடை திறக்கப் போகும்போது நடைபாதையில் படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் போவேன். வீடு இல்லாதவர்கள் என்றால் அவர்கள்தான் என்று நினைத்திருந்தேன். மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படி யாரையும் பார்த்ததில்லை.

அந்த மூன்றாம் வருட மழையில், வட்டகொடைப் பக்கம் தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர்கள் பிளந்துவிட்டதால் ஆறு குடும்பங்களும் வெளியேறிப் பாடசாலையில் தங்கின. வகுப்புகள் தொடங்கியதும் மேல் லயத்துக்காரர்கள் ஆளுக்கொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் லீவில் வந்தபோது, அப்பாவும் அம்மாவும் அம்மாவோடு கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் அடுப்படியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

வீடில்லாதவர்களின் பட்டியல் எடுக்க ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர். கடையில் பழகிய சிங்களத்தில் நான்தான் மொழிபெயர்த்தேன். பாடசாலையைப் பார்த்தார், யாரும் இல்லை. கோயில் மண்டபமும் காலி. எல்லோரும் இடம் தேடிக்கொண்டார்கள் போல என்று பைலை மூடப் போனார்.

அப்போதுதான் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்தார்.

"ரோட்டுல படுத்தாதான் வீடு இல்லாதவங்களா, மாத்தயா? எங்க ஆளுங்க எங்கள ரோட்டுல விடல. அதுக்காக வீடு இருக்குன்னு எழுதிறாதீங்க. வாங்க, காட்டுறேன்."

ஒரு சொல்லும் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். அவர் பைலோடு அம்மாவுக்குப் பின்னால் நடந்தார். ஆறு வீட்டுக் கதவையும் அம்மா தட்டினார். ஒவ்வொரு அடுப்படியிலும் சுருட்டி வைத்திருந்த விருந்தாளிப் பாயைக் காட்டினார். ஆறு குடும்பங்களும் பட்டியலில் ஏறின. எழுதியதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டார்.

கொழும்பில் வீடில்லாதவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. எங்கள் பக்கம் கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனாலேயே கண்ணில் படுவதில்லை. அன்று அம்மாவோடு நடந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

அந்தப் பட்டியலின்படி வீடு கட்டக் காணி வர இரண்டு வருடமானது. இப்போது இரண்டு அறை வீடு, காணி உறுதிப் பத்திரத்தில் அம்மாவின் பெயர். அந்த அக்கா இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார். போன வாரமும் காணி கேட்டு அவர் எழுதிய மனுவோடு அம்மாவும் அவரும் தலவாக்கலை அலுவலகத்துக்கு பஸ் ஏறினார்கள்.