என் பேரில் ஓடும் வண்டி

உச்சிப்புளியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் எனக்கு எத்தனையோ பெயின்டர்களைத் தெரியும். பாதிப் பேர் வண்டிக்கு ஆர்.சி. புத்தகமே இருக்காது. மண்டபம் அகதி முகாம் கணேசலிங்கம் மட்டும் இன்சூரன்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கடைக்கு வந்து நின்றுவிடுவான்.

"முத்தண்ணை, காப்புறுதி முடியப் போகுது."

மன்னாரிலிருந்து பத்து வயதில் படகேறி வந்தவன். அந்த ஊர்ப் பேச்சு இன்னும் அவனை விட்டுப் போகவில்லை.

"ஏலே கணேசு, போலீஸ்காரனே உன்னைய விட நிதானமா இருப்பான்லே" என்று கேலி செய்வேன். ஆனாலும் அவனோடு ஏஜென்டிடம் போவேன். போகாமல் முடியாது. முகாம்காரன் பேரில் வண்டி பதிய அலைய வேண்டியிருக்கும் என்று, அவன் பைக்கை என் பேரில்தான் வாங்கியிருந்தோம். பணம் அவனுடையது, கையெழுத்து என்னுடையது. "ஓட்டுறவருக்கும் சேத்துப் போடுங்கோ" என்று ஏஜென்டிடம் ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் சொல்வான். அவரும் போட்டுக் கொடுத்தார். அதில் என் பேர் இருந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஆடி மாதம் புதுமடம் விலக்கில் ஒரு லோடு ஆட்டோ அவனை அடித்துத் தூக்கியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்த லோடு ஆட்டோவுக்கு மூன்று வருஷமாக இன்சூரன்ஸ் கிடையாது. ஓட்டியவன்தான் சொந்தக்காரன். இருப்பது வாடகை ஓட்டு வீட்டில்.

"கேஸ் ஜெயிச்சிரும்ணே. ஆனா அவன்கிட்ட எதைப் புடுங்குறது?" என்றார் வக்கீல்.

கணேசு கலங்கவில்லை. "என்ர காப்புறுதி இருக்குத்தானே, அண்ணை. நல்ல கால் ஒண்டு வாங்கிப் போட்டா திரும்பவும் சாரம் ஏறிப் பெயின்ட் அடிப்பன்."

அவன் மனைவி சிவகௌரியும் நானும் காகிதங்களோடு ராமநாதபுரத்துக்குப் போனோம். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவர் நிதானமாகப் படித்தார்.

"ஓட்டுறவருக்கான பணம் ஓனருக்கு மட்டும்தான் சார். வண்டி உங்க பேர்ல இருக்கு. கால் அவரோடது." பிறகு, "பேங்க்ல அவர் பேர்லயே விபத்துப் பாலிசி ஒண்ணு தனியாப் போட்டிருக்கலாமே. வருசத்துக்கு ரெண்டு டீக்காசுதான்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் மேசையைக் குத்தினேன். குத்த வேண்டியது என் மூஞ்சியில். சிவகௌரி காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கணேசுவிடம் நான்தான் சொன்னேன். அவன் ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப உங்கட கால் போயிருந்தாக் குடுத்திருப்பினமோ?"

"ஆமா" என்றேன்.

தை மாதம் வண்டியை ரிப்பேர் பார்த்து விற்றோம். சிக்கல் ஊரிலிருந்து ஒருவன் வாங்க வந்தான்.

"இன்சூரன்ஸ் கரெக்டா இருக்காண்ணே?"

கணேசு கட்டையை ஊன்றி எழுந்து நின்றே சொன்னான். "ஒரு வருசமும் விடேல்லை. இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

அதற்காக வாங்க வந்தவன் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தான். இன்சூரன்சால் கணேசு கண்ட பணம் அவ்வளவுதான்.

"தம்பி, முதல் வேலையா உம்மட பேருக்கு மாத்தும்."

"பாத்துக்குவோம்ணே, எங்கன போயிரப்போகுது?"

எட்டு மாதம் ஆகிறது. அவன் போனை எடுப்பதில்லை. வண்டி இன்னும் என் பேரில்தான் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. இன்சூரன்ஸ் முடிந்து மூன்று மாதமாகிவிட்டது. அதைச் சொல்ல யாரும் கடைக்கு வந்து நிற்கவில்லை.