பூட்டிய கணினியும் பொட்டலம் அக்காவும்

விரலைத் திரையில் வைத்து, உதடு அசைய, வரி விடாமல் படிக்கிறார். மென்பொருளோடு வரும் நிறுவல் குறிப்பை முழுக்கப் படிக்கிற ஒரே பிறவி எங்கள் ஆய்வுக்கூடத்தில் இவர்தான். திரை முழுக்க விரல் ரேகை. லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான மென்பொருள்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டுவதால் பெயரே பொட்டலம் அக்கா என்றாகிவிட்டது.

இங்கே நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய கணினி. அதன் பொது இடத்தில் எதை நிறுவவும் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். நாங்கள் விண்ணப்பம் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுவோம். அக்காவோ மூல நிரலை இறக்கி, தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டி, அங்கேயே ஓட்டிவிடுவார். "நம்ம வீட்டு அடுப்புல சமைக்க யார்கிட்ட கேக்கணும்?"

சென்ற வெள்ளிக்கிழமை, வெள்ளப்பெருக்கை ஆராயும் பெண் கண் கலங்கி வந்து நின்றாள். மாலை ஐந்துக்குள் வரைபடத்தை ஒப்படைக்காவிட்டால் அவளுடைய மூன்று வருட ஆய்வு ரத்து. அதை வரையும் மென்பொருள் கணினியில் இல்லை. நிர்வாகியோ விடுப்பில்.

"அழுதா கம்பைல் ஆயிடுமா? உக்காரும்மா" என்றார் அக்கா.

அந்த மென்பொருள் ஓட ஒரு துணை மென்பொருள் வேண்டும், அந்தத் துணைக்கு இன்னொரு துணை. ஏழு பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டி வந்தார். யானைக்கும் அடி சறுக்கும். ஐந்தாவதைத் தன் ஃபோல்டரில் நிறுவ வேண்டும் என்று கணினிக்குச் சொல்ல மறந்துவிட்டார். அது நேரே பொது இடத்துக்குப் போய்க் கதவைத் தட்ட, 'அனுமதி இல்லை' என்றது கணினி.

அக்காவின் முகம் வெளுத்தது.

"என்கிட்ட நிர்வாகியோட அதிகாரம் இருந்திருந்தா, எல்லாரும் ஓட்டிட்டிருக்கிற பதிப்பு மேல இது ஏறி உக்காந்திருக்கும். நாப்பது பேரு வேலையும் போச்சு."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விட்டுப்போன இடத்தைச் சேர்த்து மறுபடி கட்டினார். நாலு ஐம்பதுக்குத் திரையில் வரைபடத்து நதி நீலமாக விரிந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேசையில் எனக்கு மெய்சிலிர்த்தது. நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாத ஒருவர் செய்த காரியம் இது!

திங்கட்கிழமை செய்தி கேட்டு நிர்வாகி ஓடி வந்தார். "அக்கா, இனிமே நான் இல்லாதப்ப நீங்களே பாத்துக்குங்க" என்று, கடவுச்சொல் எழுதி மடித்த சீட்டை நீட்டினார்.

"எனக்கெதுக்கு தம்பி?"

சீட்டைப் பிரிக்காமலே அக்கா அதை நிர்வாகியின் சட்டைப் பைக்குள் திரும்பச் செருகி, பையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.