நாற்பது வயதுக்காரியை எழுபத்தொன்றாக்கிய கதை

என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஒரு பொருளின் விவரங்களைச் சாவி, மதிப்பு என்று, அதாவது விவரத்தின் பெயர், அதற்கான பதில் என்று, ஜோடி ஜோடியாக மாற்ற இப்போது ஒரே வரி எழுதினால் போதுமாம். "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்கிறான். என்ன இருக்கிறதா? அந்த ஒரு வரி இல்லாமல் நான் ஒன்பது பெண்களை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேன். நல்ல வேளை, அப்படி நடக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அப்பாடா என்றுதான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. போடியில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டின் ஆபீஸில் எனக்கு வேலை. எஸ்டேட் போடிமெட்டுக்கு மேலே, ஆபீஸ் கீழே ஊருக்குள். கணிதத்தில் பட்டம், மதுரையில் ஆறு மாதம் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிப் படிப்பு, திமிருக்கு இது போதாதா? முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கு ஏ.சி. போட்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரச் சொல்லி என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். மற்றவர்கள் ஃபேன் கூட இல்லாமல் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்தேன்.

முதல் வேலை, தொழிலாளர் அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. மேலே கங்காணி ஆள் ஆளாகக் கேட்டு எழுதி அனுப்பியிருந்தார். பெயர், கணவர் அல்லது தகப்பன் பெயர், ஊர், வயது, சேர்ந்த வருடம், இவ்வளவுதான் அட்டை. வருடத்தில் கடைசி இரண்டு எண் மட்டும். நான் ஒவ்வொரு பதிலையும் ஒரு வரியாக அடித்தேன். ஒரு ஆள் முடிந்தால் ஒரு நட்சத்திரக் குறி. முதல் வரி பெயர், இரண்டாவது கணவர், மூன்றாவது ஊர் என்று புரோகிராம் எண்ணி எடுத்துக்கொள்ளும். அட்டையில் காலியாக இருந்த இடத்தை நான் அடிக்காமல் தாண்டிப் போனேன். இல்லாததை எதற்கு அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். புத்திசாலி அல்லவா.

அறுபது வயது தாண்டியவர்களின் பட்டியலை மானேஜர் கேட்டார். அவர்களை வேலையிலிருந்து நிறுத்தி, இரண்டு நாளில் வரும் மாதக் கடைசிக்குள் எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. ஒரு நிமிடத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். எழுபத்தொன்று, எழுபத்தாறு, எண்பத்திரண்டு என்று வயதுகள் இருந்தன. எண்பத்திரண்டு வயதில் ஏலக்காய்ச் சரிவில் யார் குனிந்து காய் பறிப்பார்கள் என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. "மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். ஒன்பது கடிதங்கள் ஜீப்பில் மேலே போயின.

மறுநாள் காலை ஓர் அக்கா மலையிலிருந்து இறங்கி வந்தார். பனிக்குக் கட்டிய துண்டு இன்னும் தலையில் இருந்தது. வாசலில் நின்றபடியே கடிதத்தை நீட்டினார்.

"ஏந் தாயி, எனக்கு எழுவத்தொரு வயசுன்னு கங்காணி வாசிச்சாரு, நீதான் எழுதுனியா?"

"நான் எழுதலக்கா. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு" என்றேன், வெடுக்கென்று.

"எங்காத்தாளுக்கே இன்னும் அறுவத்தஞ்சு ஆகல. ரெண்டு புள்ளைக பள்ளிக்கூடம் போகுதுக. வீட்டுக்காரரு லாரில போறவரு, வாரத்துக்கு ஒருக்க வருவாரு. அந்த ஒத்த ரூமையும் விட்டுப்போட்டு நான் எங்கிட்டுப் போக?"

அவர் அழவில்லை. அதுதான் என்னை என்னமோ செய்தது. அவருடைய விவரத்தைத் திரையில் எடுத்தேன். கணவர் பெயர்: ராசிங்காபுரம். ஊர்: நாற்பது. வயது: எழுபத்தொன்று. சேர்ந்த வருடம் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னக்கா?"

அவர் சுவரைப் பார்த்தார். "அத நான் சொல்லுவனா? கங்காணி எழுதையில நான் தனியாப் போயிருந்தேன். பக்கத்துல சொல்றதுக்கு ஆளு இல்ல. சரி விடுன்னு விட்டுட்டாரு."

எனக்குக் கோபப்பட யோக்கியதை இல்லை. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ரேஷன் கார்டு எழுதும்போது என் வீட்டுக்காரர் பெயரை நாத்தனார்தான் எனக்காகச் சொன்னார். படித்த நானே வாய் திறக்கவில்லை. கணவர் வரி விடுபட்டதும் கீழே இருந்த ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறிவிட்டது. எழுபத்தொன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் எழுபத்தொரு வயதுக்காரி ஆகிவிட்டார். மற்ற எட்டுப் பேரும் இப்படித் தனியாகப் போய் நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பதிலை அதன் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது, ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அது எதற்கான பதில் என்று எழுத வேண்டும். ஊர் என்றால் ராசிங்காபுரம், வயது என்றால் நாற்பது. ஊர், வயது என்பவை சாவி; ராசிங்காபுரம், நாற்பது என்பவை மதிப்பு. ஒரு ஜோடி இல்லாமல் போனால் அது மட்டும்தான் இருக்காது, மற்றவை அதனதன் சாவியோடு அப்படியே இருக்கும். என்னிடம் இருந்த பேசிக்கில் இதற்கென்று வசதி எதுவும் கிடையாது. சாவிகளுக்கு ஒரு வரிசை, மதிப்புகளுக்கு ஒரு வரிசை என்று நானே வைத்துத் தேடும்படி எழுதினேன். ஐந்து வரி முழுதாக இருந்த ஆட்களைப் புரோகிராமே ஜோடிகளாக மாற்றியது. நான்கு வரி மட்டும் இருந்தவர்களின் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணால் பார்த்து, கையால் அடித்தேன். ஒன்பதிலும் கணவர் பெயர்தான் காலி.

மூன்று மணிக்குப் புதுப் பட்டியல் வந்தது. அறுபது தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. மானேஜரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை முறைத்தார், தன் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தார், பிறகு ஒன்பது கடிதங்களையும் ரத்து செய்து ஒன்பது புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. புதுக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டினேன். வயது நாற்பது. சேர்ந்தது எழுபத்தொன்றில். வேலை உண்டு, வீடும் உண்டு.

"ரூம யாரும் கேக்க மாட்டாகள்ல?"

"கேக்க மாட்டாகக்கா."

அதுவரை அழாதவர் அப்போது அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சட்டென்று எழுந்தார்.

"வெரசாப் போகணும் தாயி. சட்டி பானையெல்லாம் சாக்குல கட்டி வெளிய வச்சுட்டுல வந்தேன். புள்ளைக பள்ளிக்கூடத்துலருந்து வந்து அதப் பாத்தா பயந்து போகுங்க."

மற்ற எட்டுக் கடிதங்களையும் அவர் கையிலேயே கொடுத்து ஜீப்பில் ஏற்றிவிட்டேன்.