ஓடுவதற்கும் ஒரு ரிவிஷன்

பள்ளிக்கூடத்தில் யாருக்கு நேரம் போதாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிற பீரியடுக்குப் பெயர்தான் பி.டி. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு தொண்டைத் தண்ணீர் வற்றப் பிழைப்பு நடத்தும் என் இனத்தாரே, இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் பி.டி. கிடையாது. ஆண்டு விழா வந்தால் கிடையாது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மட்டும் "மேடம், பிள்ளைகளை வரிசையா நிக்க வைங்க" என்று ஓடி வருவார்கள்.

நான் செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். ஓட்டப் பந்தயத்தில் நாலு கப் வாங்கியதால் எனக்கு மாரெட்பள்ளியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. ஹைதராபாத்தில் மாதாப்பூர் பக்கம் சாப்ட்வேர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் பள்ளிப் பெற்றோர்களுக்கு எல்லாப் பிள்ளையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத்தான் பிறந்தது என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

கரஸ்பாண்டன்ட் வைத்த பந்தயம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து மெதுவாகப் பேசுவார். கெட்ட செய்தியையும் காபி கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். அன்றைக்குக் காபி வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளின் பி.டி. பீரியடை எடுத்து ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் கோச்சிங்குக்குக் கொடுக்கப் போகிறாராம். பக்கத்துப் பள்ளியில் ஆரம்பித்துவிட்டார்களாம்.

பிள்ளைகள் வாரம் இரண்டு தடவை வெயிலைப் பார்ப்பதே அந்தப் பீரியடில்தான் என்று வாதாடினேன். கொஞ்சம் சத்தமாகவே வாதாடிவிட்டேன் போலிருக்கிறது, பியூன் எட்டிப் பார்த்தான். கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். ஜூலையில் எல்லாருக்கும் உடல் தகுதித் தேர்வு வையுங்கள், ஜனவரியில் மறுபடி வையுங்கள், முன்னேற்றம் தெரிந்தால் பீரியட் இருக்கும் என்றார். தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"தெரியலேன்னா என்ன மேடம், உங்களுக்கு வேன் டியூட்டி போட்டுடறேன். காலையில பிள்ளைங்களை ஏத்தணும், சாயந்திரம் இறக்கணும். அதுவும் எக்ஸர்சைஸ்தானே?"

சிலபஸில் இல்லாத ஓட்டம்

உடல் தகுதித் தேர்வு நடக்கும், ஷூ போட்டு அனுப்பவும் என்று வீட்டுக்குச் சுற்றறிக்கை அனுப்பினோம். 'தேர்வு' என்ற வார்த்தையைப் போட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை. மறுநாளிலிருந்து பள்ளியில் போன் ஓயவில்லை. மாதிரி வினாத்தாள் கிடைக்குமா, நெகட்டிவ் மார்க் உண்டா, ரேங்க் போடுவீர்களா என்று கேள்விமேல் கேள்வி. தெருமுக்கு டியூஷன் சென்டரில் இதற்கென்றே ஒரு பேட்ச் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மா, மகன் உட்கார்ந்து படிக்கட்டும் என்று அவனுக்கு முந்தின நாள் லீவே போட்டுவிட்டாள்.

தேர்வு நாளன்று ஏழாம் வகுப்பு மொத்தமும் புது ஷூ, பரீட்சை அட்டை, ஜாமெட்ரி பாக்ஸ் சகிதம் வந்து நின்றது. மனித உடம்பில் எத்தனை எலும்பு, ஒரு இட்லியில் எத்தனை கலோரி என்று ஆளாளுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கில் எடையும் சேரும் என்பதால் ஒவ்வொருவரையும் எடை மெஷினில் ஏற்றி இறக்கினேன். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னேன். முட்டியை மடக்கித் தொட்டால் பாதி மார்க் உண்டா என்றான் ஒருவன். அடுத்தது ஓட்டம் என்றதும் முன் வரிசைப் பையன் பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

"நிஜமாவே ஓடணுமா மிஸ்? டியூஷன்ல அதைப் போர்ஷன்ல இல்லன்னு சொன்னாங்க."

தண்ணீர்த் தொட்டியோரம்

எங்கள் பள்ளிக்கு மைதானம் என்று தனியாகக் கிடையாது. கட்டடத்தைச் சுற்றித்தான் ஓட வேண்டும். வண்டிகள் நிற்கும் இடம், ஜெனரேட்டர், சமையல் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, மறுபடி வாசல். சாம்பார் வாசனையில் ஓடிய ஓட்டக்காரர்கள் உலகத்தில் எங்கள் பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள்.

நிவேதா என்று ஒரு பெண். தமிழ்க் குடும்பம். எல்.கே.ஜி.யிலிருந்து வகுப்பில் முதல் ரேங்க். விடியற்காலையில் ஒரு கோச்சிங், பள்ளி விட்டதும் இன்னொரு கோச்சிங். அவள் ஒரு சுற்றுக்கூட முடிக்கவில்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் சிவந்து, மூச்சு விசில் மாதிரி வந்தது. உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். மூச்சு அடங்கியது, அழுகை அடங்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கட்டடத்தைச் சுற்றி ஓட முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை. அவளை ஓட விடாத எங்கள் எல்லார்மேலும்தான்.

வலிக்கிறதா என்று தமிழில் கேட்டேன். வழக்கம்போல எல்லா பாஷையையும் கலந்து பதில் சொன்னாள்.

"வலி லேது மிஸ். 'டி' கிரேடு மட்டும் நக்கோ, வேணாம், ப்ளீஸ். எங்க வீட்ல யாருமே 'டி' வாங்கினதில்ல, டாடிகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

எடை மெஷின்மேல் சந்தேகம்

இரண்டு நாள் கழித்து நிவேதாவின் அப்பா பாஸ்கரன் சார் வந்தார், மனைவி சுகுணாவோடு. அவர் ராணுவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் விஞ்ஞானி. திருச்சிக்காரர். கோபமாக இல்லை, அதைவிட மோசம், மரியாதையாக இருந்தார். தன் மகளுக்கு 'டி' வருவதற்கு வாய்ப்பே இல்லை, ஆகவே கருவியில்தான் பிழை இருக்க வேண்டும் என்றார். எடை மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டார். அவர் ஏவுகணைக்குக் கேட்கிற கேள்வியை நம் பழைய எடை மெஷினுக்குக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

நீங்களே ஏறிப் பாருங்கள் சார் என்றேன். ஷூவைக் கழற்றினார். பேனா, கண்ணாடி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் என் மேஜையில் வைத்துவிட்டு ஏறினார். முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். வயிறு மறைத்ததால் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இறங்கி, மெஷினைத் தள்ளி வைத்து மறுபடி ஏறினார். அப்புறம் கருவியில் நிச்சயமாகப் பிழைதான் என்று அறிவித்தார். அதுவரை வாய் திறக்காத சுகுணா எழுந்து வந்து முள்ளைப் பார்த்தார்.

"அதைத் திட்டாதீங்க. பத்து வருஷமா நான் சொல்றதைத்தான் அதுவும் சொல்லுது."

முதல் ரேங்க்கின் ரகசியம்

பாஸ்கரன் சார் நேர்மையானவர். சிரித்துவிட்டார். அப்படியானால் வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டார். காலை கோச்சிங்கை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் அவளோடு நடங்கள், நடை பழகினதும் ஓடுங்கள், அவ்வளவுதான் என்றேன். கோச்சிங்கை நிறுத்துவது என்றதும் முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனாலும் மறுநாளே அப்பா, அம்மா, மகள் மூவரும் மாரெட்பள்ளித் தெருக்களில் இறங்கிவிட்டார்கள். என் பீரியடிலும் நிவேதா தொட்டியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மெல்ல மெல்லச் சுற்ற ஆரம்பித்தாள்.

இந்த ஊரில் முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளை தும்மினால்கூட எந்த சென்டரில் தும்மச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று விசாரிப்பார்கள். நிவேதா காலை கோச்சிங்கை விட்டுவிட்டு நடக்கிறாள் என்ற செய்தி பரவியது. இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று மற்ற வீடுகளும் முடிவு கட்டின. தீபாவளிக்குள் பாதி வகுப்பு பெற்றோரோடு தெருவில் இருந்தது. நாச்சாரம் பாக்டரிக்கு ஷிப்ட் போகிற அப்பா ஒருவர், யூனிபார்மோடு மகனைத் துரத்திக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன். ஒரு நாள் சாப்ட்வேர் கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க, ஒரு அம்மா என்னை வாசலில் மடக்கிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேடம், அந்த நிவேதா நடக்கிற பேட்ச்ல இன்னும் சீட் இருக்கா?"

போர்ஷன் முடிந்தது

ஜனவரி வந்தது. அன்றைக்குப் பரீட்சை அட்டை யாரும் கொண்டுவரவில்லை. எல்லாச் சுற்றும் ஓடி முடித்தவர்கள்தான் அதிகம். நிவேதா கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள். ஆனால் நிற்கவில்லை. 'பி' கிரேடு. முதல் ரேங்க் வாங்கியபோதுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ரிசல்ட்டைத் தூக்கிக்கொண்டு கரஸ்பாண்டன்ட் அறைக்குப் பறந்தேன். பொறுமையாகப் பார்த்தார். பிரமாதம் என்றார். ஆறு மாதத்தில் இவ்வளவு முன்னேற்றமா என்று வியந்தார். இனி என் பீரியடை யாரும் தொட மாட்டார்கள் என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் காபி வந்தது.

"எல்லாரும் பாஸ் ஆயிட்டாங்களே மேடம். போர்ஷன் முடிஞ்சு போச்சு, இனிமே பி.டி. எதுக்கு?"

பெற்றோர் கூட்டம்

தோற்றால் போகும் என்று பயந்த பீரியட் ஜெயித்ததால் போயிற்று. இந்தக் கொடுமையை வேறு எந்தத் தொழிலில் பார்த்திருக்கிறீர்கள்? வேன் டியூட்டிக்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டு பிப்ரவரி பெற்றோர் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று கரஸ்பாண்டன்ட் அறிவித்ததும் கைதட்டல். எனக்கு நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

பாஸ்கரன் சார் எழுந்தார். உடல்நலம், காற்று, வெயில் என்று ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போர்ஷன் முடிஞ்சுதுன்னா ரிவிஷன் எப்ப சார்?" கூட்டம் திடுக்கிட்டது. ரிவிஷன் இல்லாமல் எப்படி, படித்ததெல்லாம் மறந்துவிடாதா, 'பி' வாங்கின பிள்ளை 'ஏ' வாங்க வேண்டாமா என்று நாலா பக்கமும் எழுந்துவிட்டார்கள். பேட்சில் சீட் கேட்ட அம்மா, ரிவிஷன் வைக்காத பள்ளிக்கு எதற்கு ஃபீஸ் என்றே கேட்டுவிட்டார். கரஸ்பாண்டன்ட் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஃபவுண்டேஷனைச் சனிக்கிழமைக்கு மாற்றுகிறேன், பி.டி. பீரியட் அப்படியே இருக்கும் என்றார்.

வாசலில் பாஸ்கரன் சாருக்கு நன்றி சொன்னேன். உங்களுக்குமா சார் ரிவிஷன் பைத்தியம் என்றேன். சுகுணாவும் நிவேதாவும் முன்னால் போய்விட்டார்கள். அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"கரஸ்பாண்டன்ட்டுக்குப் புரியற மாதிரி கேட்டேம்மா, அவ்வளவுதான். என் பொண்ணு என்கிட்ட மார்க்கைத் தவிர வேற எதையும் பேசி வருஷக்கணக்காச்சு. இப்ப காலைல நடக்கும்போது வாய் ஓயறதில்ல. அதை எந்த சென்டர்ல போய் வாங்குவேன்?"

இப்போது டைம் டேபிளில் 'ஃபிட்னஸ் ரிவிஷன்' என்று அச்சடித்திருக்கும் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் கபடி ஆடுகிறார்கள், பெற்றோர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், நானும் யாருக்கும் எதையும் விளக்காமல் விசிலை ஊதிக்கொண்டிருக்கிறேன்.