மாப்பிள்ளை ஸ்கூட்டரில் ஜவ்வாது மலை

போன மாதம் வேலூரில் ஓர் இங்கிலீஷ் படம் பார்த்தேன். பிரிட்டிஷ்காரர்கள் எடுத்த காமெடி. தொப்பையும் தாடியுமாக நாலு பேர், வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். மழையில் நனைகிறார்கள், வழி தவறுகிறார்கள், பள்ளத்தில் விழுகிறார்கள், எழுந்து டீ குடிக்கிறார்கள்... அவ்வளவுதான் கதை. வசனம் பாதி புரியவில்லை. முன்வரிசை சிரித்தபோதெல்லாம் நாங்களும் சிரித்துவைத்தோம்.

நாங்கள் என்றால் நானும் பக்கத்து வீட்டு ஏகாம்பரமும். ஆபீஸ் குமாஸ்தா. சாது.

வெளியே வந்ததும் சாது சொன்னது: "நாமளும் ஒரு தபா இந்த மாதிரி போய்ட்டு வரணும் சார். ஜவ்வாது மலைக்கு!"

"எதுல?"

"ஸ்கூட்டர்லதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் கோமதி பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே, வரப்போகும் மாப்பிள்ளைக்காக ஏகாம்பரம் புக் பண்ணிய வண்டி. கோமதி வளர்ந்தாள், படித்தாள், வேலைக்கே போய்விட்டாள். வண்டி வரவில்லை. கலசப்பாக்கத்தில் ஒரு வாத்தியாரை மாப்பிள்ளையாக நிச்சயம் செய்த பிறகுதான் வந்தது. நம் நாட்டில் ஸ்கூட்டரைவிட மாப்பிள்ளை சீக்கிரம் கிடைக்கிறார்!

வந்த வண்டியை ஏகாம்பரம் ஓட்டினாரா? துடைத்தார். காலையும் மாலையும் துடைத்தார். சீட்டின் மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. புதுசாகவே கொடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளையின் அப்பா ஒரு நெல் வியாபாரி. மருமகளைப் பார்க்கிற சாக்கில் அடிக்கடி வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார்.

"ஒரு கீறல் விழுந்தா கல்யாணமே நின்னுடும்யா" என்றேன்.

"தெரியும் சார். ஆயுசு பூரா சைக்கிள் மிதிச்சாச்சி. பிரண்டு வண்டியில ஓட்டக் கத்துக்கினது இதுக்காகத்தான். குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா..."

கிளம்பினோம்.

படத்தில் அவர்களுக்குத் தோல் ஜாக்கெட். எங்களுக்கு மங்கி கேப். அவர்கள் வெறுங்கையோடு போனார்கள். நாங்கள் புளிசாதம், தண்ணீர் கூஜா, வண்டி துடைக்கத் துணி மூட்டை சகிதம், ராகு காலம் கழிந்த பிறகு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டோம். சந்தவாசலில் டீ. துடைப்பு. மலையடிவாரத்தில் மறுபடி துடைப்பு.

மலைப்பாதை செங்குத்தாக ஏறத் தொடங்கியதும்தான் பிளாஸ்டிக் உறை தன் குணத்தைக் காட்டியது. நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வழுக்கினேன். ஒரு வளைவில் பிடிமானமே இல்லை... ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்தேன். அவர் ஹேண்டில்பாரை விட்டார். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து பாறையில் உரசிப் படுத்தது. நான் முட்புதரில்.

ஏகாம்பரம் எழுந்து ஓடினார். என்னிடம் இல்லை, வண்டியிடம்! பக்கவாட்டுத் தகடு ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே போயிருந்தது. அதைத் தடவித் தடவி அழுதார்.

புளி மூட்டையோடு இறங்கி வந்த மலைக்காரர் ஒருவர்தான் என்னை வெளியே இழுத்துப் போட்டார்.

"இன்னா சாமி, அந்த ஐயா இப்டி அழுவுறாரு?"

"மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் குடுக்க வச்சிருந்த வண்டிங்க."

அவருக்கு விளங்கவில்லை. "பொண்ணையும் குடுத்து வண்டியும் குடுப்பீங்களா? எங்க மலையில மாப்ள வூட்டுக்காரங்கதான் பரிசம் குடுக்கணும்." சற்று யோசித்துவிட்டு, நிஜமான இரக்கத்தோடு கேட்டார்: "மாப்ளைக்குக் காலு கீலு சரியில்லீங்களா?"

ஏகாம்பரத்தின் அழுகை சட்டென்று நின்றது. வண்டியை நிமிர்த்தினார். பிளாஸ்டிக் உறையைப் பிடித்து ஒரே இழுவையில் கிழித்தார்.

"நசுங்கினது நசுங்கிப்போச்சி. ஏறுங்க சார், உச்சி வரைக்கும் போலாம்!"

போனோம். சாமைக் கதிர் அசையும் கொல்லைகளுக்கு நடுவே, தொண்டை கிழியப் பாடிக்கொண்டே ஓட்டினார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

வீடு திரும்பியதும் பயம் பிடித்துக்கொண்டது. பின்னே? மறுநாளே சம்பந்தி வந்துவிட்டாரே! நசுங்கலைப் பார்த்தார். உட்காரக்கூட இல்லை.

"அபசகுனம் சம்பந்தி. வேற வண்டி குடுங்க. இல்லன்னா நாங்க வேற எடம் பார்க்க வேண்டியதுதான்."

ஏகாம்பரம் துணியை எடுத்து நசுங்கலைத் துடைக்க ஆரம்பித்தார். கோமதி உள்ளேயிருந்து வந்தாள். நசுங்கலைத் தொட்டுப் பார்த்தாள்.

"உனக்கு எங்கியும் அடிபடலியேப்பா?"

அதுவரை அப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு சம்பந்தியிடம் திரும்பினாள். "மாமா, இந்த வண்டி எங்கப்பாவுக்கு. நான் மட்டும்தான் வருவேன். சம்மதமான்னு உங்க புள்ளையவே கேட்டுச் சொல்லுங்க."

சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஏகாம்பரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. கோமதி மட்டும் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தாள்.

போன ஞாயிறு வாத்தியாரே வந்தார். பஸ்ஸில். பின்னாலேயே அவர் அப்பாவும், வேண்டா வெறுப்பாக.

"எனக்குக் கோமதி போதுங்க மாமா" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "வண்டி வேணாம். சொல்றதுக்கு வெக்கமா இருக்குது... எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

ஏகாம்பரம் அவரைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் குறித்த தேதியில் நடக்கிறது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சம்பந்தியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். "பையனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னாங்க? ஓட்றதுக்கா கேட்டோம்? வாசல்ல நிக்கிறதுக்குங்க!"

அதற்கு எதற்கு ஸ்கூட்டர்... சம்பந்தியே நிற்கலாமே!