அத்தையின் கன்னத்து வித்தை

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை என் அத்தையின் கன்னத்தில் இருந்தது. காதுக்குச் சற்று முன்னால் விரலால் சுண்டினால் அந்தப் பக்கத்து உதடு வெடுக்கென்று துள்ளும். தொண்ணூறுகளில், சிங்கப்பெருமாள் கோயிலில், தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து நான் இதைக் காட்டாத விடுமுறை இல்லை. சில நாள் துள்ளாது. அத்தைக்கு மூடு சரியில்லை என்று அறிவித்துவிட்டு ஷோவை ஒத்திவைப்பேன்.

அப்பாவின் தங்கை அவள். கழுத்திலிருந்த தைராய்டு கட்டியை அறுத்தெடுத்தபோது, அதை ஒட்டியிருந்த அரிசிமணி அளவுச் சுரப்பிகளும் போய்விட்டன. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதானாம். அதனால் தினமும் சாக்பீஸ் போன்ற மாத்திரைகள். கால்சியம் எலும்புக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நரம்புச் செல்லின் சவ்வில் உள்ள கதவுகள் கண்டபடி திறந்துகொள்ளாமல் அடக்கிவைப்பதும் அதுதான். அது குறைந்தால் ஒரு சுண்டு போதும், தசை இழுக்கும். கல்லூரியில் இதைப் படித்த அன்று பெஞ்சில் உட்கார முடியவில்லை. நான் கைதட்டல் வாங்கிய நாளெல்லாம் அவளுக்கு மாத்திரை தீர்ந்துபோன நாள்.

திருவிடந்தையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றானதும், ஆபரேஷன் நடந்ததே யாருக்கும் தெரியக் கூடாது என்று அப்பா முடிவுசெய்தார். தழும்பை மறைக்க அம்மாவின் அட்டிகை. தரகர் நினைத்த நேரத்தில் உள்ளே வருவார் என்பதால், மாத்திரை டப்பா நான்கு நாள் முன்பே கம்பெனி பஸ் ஏறி, மறைமலைநகரில் அப்பாவின் லாக்கருக்குள் போய்விட்டது.

"அண்ணே, வெரலெல்லாம் மரத்துப் போவுது."

"நாலு நாளு பொறுத்துக்கோ. செத்தா பூடுவ?"

அவர்கள் வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள். பஜ்ஜி மெல்லும் சத்தம் மட்டும். இப்படியொரு கூட்டம் எனக்கு எங்கே கிடைக்கும்? அத்தை காபித் தட்டோடு குனிந்தபோது ஓடிப்போய்ச் சுண்டினேன். உதடு மட்டுமல்ல, பாதி முகமே இழுத்துக்கொண்டது. ஏற்கெனவே மரத்துப்போயிருந்த விரல்கள் குவிந்து இறுகின. தட்டு விழுந்தது. நான் சபைக்கு வணக்கம் வேறு வைத்தேன்.

"இன்னாம்மா, பொண்ணுக்குக் காக்கா வலிப்பு கீதா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"அதெல்லாம் இல்லீங்க" என்றதோடு அப்பா நின்றுவிட்டார். மேலே சொல்வதானால் அட்டிகையைக் கழற்ற வேண்டும். அத்தையின் கை கழுத்துக்குப் போனது. அம்மா அதைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். இல்லாத வலிப்பு இரண்டே நாளில் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

அவர்கள் வேன் கிளம்பியதும் அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.

"புள்ளய வுடுண்ணே. அவன் இன்னாத்த மறைச்சான்?" என்றாள் அத்தை.

மறுநாள் டப்பா வீடு திரும்பியது. ஒரு வாரம் கழித்து, தெருப் பிள்ளைகள் முன்னால் மறுபடியும் சுண்டினேன். உதடு அசையவில்லை. இன்னொரு கன்னத்திலும் சுண்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பயல்கள் ஊளையிட்டார்கள். வித்தையே கெட்டுப்போய்விட்டது என்று தேம்பித் தேம்பி அழுதேன். அத்தைதான் மடியில் போட்டுச் சமாதானப்படுத்தினாள்.

"அழுவாதடா. மாத்திர தீந்துட்டா தன்னால வந்துடும்."

"எப்ப அத்தை தீரும்?" என்று ஆசையாகக் கேட்டேன்.