பாத்ரூம் சாவி

இன்று காலை எங்கள் அபிராமபுரம் ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் உபதேசம். வெயில் கொளுத்துகிறது, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள் என்று, கீழே கும்பிடும் கைகளோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிக்கலாம் ஐயா. குடித்துவிட்டு எங்கே போவதாம்?

நீங்களும் தி.நகரில் பட்டு எடுத்திருப்பீர்கள். உட்கார்ந்ததும் குடிக்க ஆரஞ்சு கலர் பாட்டிலில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டும். அதை நீட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. ஏசி இல்லாத மேல்மாடி, காலையிலிருந்து நின்றபடியே சிரிப்பு. எங்களுக்கும் மூலையில் பானைத் தண்ணீர் இருந்தது. தொட மாட்டோம். ஏனென்றால் பாத்ரூம் சாவி சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருந்தது.

கேட்டால், "இப்பத்தானே போய்ட்டு வந்தே? சர்க்கரை வியாதியா?" என்பார் அந்த மகானுபாவர், கல்லா வரைக்கும் கேட்கிற மாதிரி. வயசுப் பெண்கள், மானம் போய்விடாதா? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: மதியச் சாப்பாட்டோடு ஒரு மடக்கு, அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான். நாக்கு ஒட்டினால் வாயில் ஒரு கிராம்பு. இதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்தோம், மண்டுகள். புதிதாக வருகிறவளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.

இதில் மகா கெட்டிக்காரி, பக்கத்து கவுண்டர் தனம். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்து வீடு. "கிராம்பு கீதுல்ல, இன்னாத்துக்குத் தண்ணி?" என்று சிரிப்பாள். நீர்க்கடுப்பில் உதட்டைக் கடித்துக்கொண்டே கூறைப்புடவை விரிப்பாள். ஒரு கத்திரி வெயிலில், கல்யாணக் கும்பலுக்கு நடுவே, தாங்காமல் அவளே சாவி கேட்டாள். "பில் போட்டுட்டுப் போ" என்றார். பில் போடுவதற்குள் விரித்த பட்டின் மேலேயே விழுந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. அந்த ஆள் முதலில் அவளுக்கு அடியிலிருந்து புடவையைத்தான் உருவினார். பாவி! ஆஸ்பத்திரியில் கிட்னியில் சீழ் என்றார்கள். அதற்குப் பிறகு அவள் பழைய தனமாக ஆகவே இல்லை.

அந்தக் கடையை இடித்துவிட்டார்கள். நல்லது. சூப்பர்வைசரும் போய்ச் சேர்ந்தார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கூவம் ஓரத்து வீடுகளையும் காலி செய்து, தனத்தின் குடும்பத்தை ஊருக்கு வெளியே ஏதோ ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். போன வாரம் பார்க்கப் போனேன். இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில் இருக்கிறாள். இனி இந்த வெயிலிலும் அவளுக்குத் தண்ணீர் அளந்துதானாம், டாக்டர் உத்தரவு. வியர்த்து வழிந்துகொண்டு போன எனக்குச் சொம்பு நிறைய நீட்டினாள்.

"குடிடீ, நல்லா குடி. நான் பாத்துக்கினு கீறேன்."